இசைக்குழுவின் கணக்கு யார் கையில்?

சென்னைக்கென்று ஒரு சிம்பொனி இசைக்குழு வேண்டும் என்று விரும்பும் அன்பர்களுக்கு,

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது ராயல் ஃபில்ஹார்மானிக் கான்சர்ட் இசைக்குழு. அதற்கு வெகுகாலம் முன்பே ‘ஹே ராம்’ படத்தின் பின்னணி இசைக்கும், 2005-இல் வெளிவந்த ‘திருவாசகம்’ தொகுப்புக்கும் அவர் புடாபெஸ்ட் போக வேண்டியிருந்தது. எழுதியவர் பண்ணைப்புரத்துக்காரர், கேட்டுப் பூரித்தவர்கள் நாம், வாசித்த கைகள் மட்டும் வேறு ஊர்க் கைகள். இதை நம் ஊரிலேயே வாசிக்க ஒரு குழு ஏன் இல்லை என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். அந்த ஆசையில் நானும் உங்களோடு இருக்கிறேன். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. இத்தகைய ஆசை பிறந்ததும் பேச்சு முதலில் அரங்கத்துக்குப் போகும், பிறகு பெரிய பெயர் உள்ள ஓர் இசை நடத்துநருக்கு, பிறகு புரவலருக்கும் அரசு மானியத்துக்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வாசிக்கிற கலைஞர்களுக்கு நிர்வாகத்தில் வாக்கும், கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமையும் உண்டா, இல்லையா. ஒரு நகரத்தின் இசைக்குழு நிற்பதும் விழுவதும் இதைப் பொறுத்தே என்பது என் கருத்து. அதற்கான சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

இசைக்குழு என்பது எதனால் ஆனது என்று கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். வயலின் வரிசையில் ஒரு ஸ்டாண்டுக்கு இருவர் அமர்வார்கள். பக்கம் முடியும் இடம் வரும்போது உட்புறம் அமர்ந்திருப்பவர் வில்லை நிறுத்திவிட்டுத் தாளைப் புரட்டுவார். அந்த ஓரிரு நொடி வெளிப்புறத்தவர் இருவருக்கும் சேர்த்து வாசிப்பார். எந்தச் சுரத்துக்கு வில் மேலே போக வேண்டும், எதற்குக் கீழே இறங்க வேண்டும் என்று முதல் வயலின்காரர் பென்சிலால் குறிப்பார். அந்தக் குறி நூலகர் மூலம் எல்லா ஸ்டாண்டுக்கும் போய்ச் சேரும். பார்வையாளர் கண்ணுக்குப் பதினாறு விற்களும் ஒரே கையால் இழுக்கப்படுவதுபோலத் தெரிவதற்குப் பின்னால் இத்தனை சிறு வேலைகள் இருக்கின்றன. ஒருவர் எப்போது மூச்சு விடுவார், எந்த இடத்தில் இம்மியளவு முந்துவார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குப் பல வருடப் பழக்கத்தில்தான் பிடிபடும். சென்னையில் இந்தத் திறமை இல்லாமல் இல்லை. திரையிசை ஒலிப்பதிவுக் கூடங்களில் நோட்ஸ் வைத்த மாத்திரத்தில் பார்த்து வாசிக்கிற தந்திக்கருவிக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது கால்ஷீட் கணக்கில் கூலி. இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. கால்ஷீட்டால் ஒரு பாடலை முடிக்கலாம். பீத்தோவனையோ நாம் எழுதப்போகும் புதிய சிம்பொனியையோ நகரத்துக்கென்று ஒரு தனிக் குரலில் வாசிக்கும் குழுவை அதனால் வளர்க்க முடியாது. அதற்கு மாதச் சம்பளம் வேண்டும், வருடக்கணக்கில் ஒரே நாற்காலியும் வேண்டும்.

சம்பளம் என்று வந்தவுடன் பணக்கணக்கும் வந்துவிடும். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-இல் நிகழ்கலைகளின் பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதன் சாரம் எளியது. தறியில் ஒரு மணி நேரத்தில் நெய்யும் துணியின் அளவு இயந்திரம் வந்ததும் பல மடங்கு கூடியது. பீத்தோவனின் சிம்பொனியை வாசிக்கவோ அவர் காலத்தில் எத்தனை பேரும் எவ்வளவு நேரமும் தேவைப்பட்டனவோ அதே ஆட்களும் அதே நேரமும் இன்றும் தேவை. வாசிப்பவரின் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மட்டும் ஊர் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். ஆகவே டிக்கெட் விற்ற பணத்தில் மட்டும் ஒரு சிம்பொனி இசைக்குழு தன் காலில் நிற்க முடியாது. நன்கொடையோ, மூலநிதியின் வட்டியோ, அரசு மானியமோ இல்லாமல் அது ஓடாது. இதை யாருடைய தவறாகவும் பார்க்க வேண்டியதில்லை, தொழிலின் இயல்பே இப்படித்தான். ஆனால் இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. இடைவெளியை நிரப்பப் பணம் தருபவர், இடைவெளி எவ்வளவு என்று அறிவிக்கும் அதிகாரத்தையும் பெற்றுவிடுகிறார். அந்த அதிகாரம் ஒரே தரப்பின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் காட்டியது.

அந்த ஊரில் இசைக்குழு பிறந்தது 1903-இல். எமில் ஓபர்ஹாஃபர் என்பவர் நடத்திவந்த பாடகர் குழுவுக்குப் பக்கபலமாக நிலையான வாத்தியக்குழு தேவைப்பட்டது. பற்றாக்குறையைத் தாங்கள் ஈடுகட்டுவதாக ஊர் வணிகர்கள் பொறுப்பேற்றார்கள். யூஜின் ஆர்மண்டி, டிமிட்ரி மிட்ரோபுலோஸ், ஆண்டல் டொராட்டி என்று பெரிய பெயர்கள் அதன் மேடையில் நின்றன. டொராட்டியின் காலத்தில் மெர்க்குரி நிறுவனத்துக்காகப் பதிவான சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ இசைத்தட்டில் நிஜப் பீரங்கியின் முழக்கமே சேர்க்கப்பட்டது. மினியாபொலிஸ் சிம்பொனி என்ற பெயர் 1968-இல் மினசோட்டா இசைக்குழு என்று மாறியது. 1974-இல் சொந்த அரங்கம் வந்தது. மேடையின் பின்சுவரிலும் கூரையிலும் பெரிய பெரிய கனசதுரங்கள் துருத்தி நிற்கும் அந்த அரங்கின் ஒலியமைப்பு இன்றும் புகழ்பெற்றது. 2003-இல் பின்லாந்துக்காரரான ஓஸ்மோ வான்ஸ்கா தலைமைக்கு வந்த பிறகு குழு மேலும் உயர்ந்தது. பீத்தோவன், சிபேலியஸ் சிம்பொனிப் பதிவுகள் அதை உலகின் முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தின. நூறு வருடங்களுக்கு மேல் பழகிய கைகள், நல்ல அரங்கம், உலகப் பெயர் உள்ள நடத்துநர், வசதியான புரவலர்கள். நாம் சென்னைக்காக எழுதும் பட்டியலில் உள்ள எல்லாமே அவர்களிடம் இருந்தன.

2012 அக்டோபர் 1 அன்று நிர்வாகம் கலைஞர்களை வெளியே நிறுத்திக் கதவடைப்பு அறிவித்தது. கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் ஒப்பந்தத்தை அவர்கள் ஏற்கவில்லை, வாசலைப் பூட்டியது நிர்வாகம். அந்த ஆண்டுப் பற்றாக்குறை சுமார் 60 லட்சம் டாலர் என்று அறிவித்த அதே காலத்தில், அரங்கத்தைப் புதுப்பிக்கும் சுமார் 5 கோடி டாலர் திட்டம் நடந்துகொண்டிருந்தது. பின்னர் நிர்வாகக் குழுவின் 2009-ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் பத்திரிகையில் வெளியாயின. அரங்கத்துக்கு மாநில அரசின் நிதி கேட்கும் ஆண்டுகளில் கணக்கு சமமாகத் தெரிவது உதவும், ஒப்பந்தப் பேச்சு நெருங்கும் ஆண்டுகளில் பற்றாக்குறை தெரிவது சம்பளக் குறைப்பின் தேவையைக் காட்டும் என்ற பேச்சு அவற்றில் இருந்தது. மூலநிதியிலிருந்து ஓர் ஆண்டில் எவ்வளவு எடுப்பது என்பதைக் கூட்டிக் குறைத்தால் இது இயலும். நிர்வாகத்தினர் இதைப் பொய்க்கணக்கு என்று ஒப்புக்கொள்ளவில்லை. சட்டப்படி குற்றம் என்று நானும் சொல்ல வரவில்லை. கலைஞர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கும் ஓர் எண், அவர்கள் இல்லாத அறையில், அவர்கள் பார்க்காத காகிதத்தில், எந்த வருடம் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்று பேசப்பட்டது. என் கவலை அதைப் பற்றியது. அதன் பிறகு அந்த எண் உண்மையாகவே இருந்திருந்தாலும் கலைஞர்கள் அதை நம்பியிருப்பார்களா?

நம்பவில்லை. பதினாறு மாதம் ஓடியது. முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் வந்து சமரசம் பேசியும் தீரவில்லை. தந்திக்கருவிக் கலைஞர்களும் ஊதுகருவிக் கலைஞர்களும் ஒருவர் பின் ஒருவராக வேறு நகரங்களுக்கு வேலை தேடிப் போனார்கள். மேலே சொன்ன ஸ்டாண்டுகளில் பழகிய ஜோடிகள் கலைந்தன. நியூயார்க் கார்னகி அரங்கில் நடக்க இருந்த கச்சேரிகள் ரத்தானதும், முன்பே எச்சரித்திருந்தபடி 2013 அக்டோபர் 1 அன்று வான்ஸ்கா பதவி விலகினார். அந்த வாரமே பல்கலைக்கழக அரங்கம் ஒன்றில் கலைஞர்கள் தாங்களே ஏற்பாடு செய்த கச்சேரிகளை நடத்திவிட்டு விடைபெற்றார். கடைசியாக சிபேலியஸின் சோக வால்ட்ஸை வாசித்தார்கள். முடிந்ததும் கைதட்ட வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். அரங்கம் நிறைந்த கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. மறுபக்கம், புதுப்பித்த அரங்கத்தின் வேலை முடிந்து முன்கூடம் பளபளத்தது. அதில் வாசிக்கத்தான் அந்த ஊருக்கு இசைக்குழு இல்லை.

2014 ஜனவரியில் உடன்பாடு வந்தது. கலைஞர்கள் சுமார் 15 சதவீதம் சம்பளக் குறைப்பை ஏற்றார்கள். பிப்ரவரியில், பழைய தலைமை நடத்துநரும் தொண்ணூறு வயதானவருமான ஸ்டானிஸ்லாவ் ஸ்க்ரோவாச்செவ்ஸ்கி முன்னிற்க, அவர்கள் தங்கள் அரங்குக்குத் திரும்பினார்கள். வசந்தத்தில் வான்ஸ்காவும் திரும்பினார். என் வாதத்துக்கு மிக முக்கியமான பகுதி இதற்குப் பிறகு வருவதுதான், பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நிர்வாகத் தலைமை மாறியது. நிர்வாகக் குழுவின் உட்குழுக்களில் கலைஞர்கள் இடம்பெற்றார்கள், நிதியிலிருந்து நிகழ்ச்சி அமைப்பு வரை பேச்சு எல்லார் முன்னாலும் நடந்தது. 2015-இல் ஒப்பந்தம் காலம் முடியுமுன்பே சச்சரவின்றி நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், அமெரிக்க-கியூப உறவு இளகியதை அடுத்து ஹவானாவுக்குப் போன முதல் பெரிய அமெரிக்க இசைக்குழு இதுதான். 2018-இல் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. பற்றாக்குறை மந்திரம் போட்டதுபோல மறைந்துவிடவில்லை, சில வருடங்களில் அது திரும்பியும் வந்தது. 2020-இல் பெருந்தொற்றால் அரங்கம் மூடப்பட்டபோது கலைஞர்கள் 25 சதவீதச் சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை யாரும் கதவைப் பூட்டவில்லை. எட்டு வருடங்களுக்கு முன் பதினாறு மாதப் போரை மூட்டிய அதே வகைக் கோரிக்கை இப்போது பேச்சிலேயே முடிந்தது. இடையில் மாறியது கணக்கு யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. பெருந்தொற்று என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்த நெருக்கடி, ஆகவே ஒப்பீடு முழுதும் சமமானதல்ல என்று நீங்கள் சொல்லலாம், அதை ஏற்கிறேன். ஆனால் நெருக்கடி தெரிந்தால் மட்டும் போதாது, அதைச் சொல்பவர் மேல் நம்பிக்கை இருந்தால்தான் சம்பளத்தை விட்டுக்கொடுப்பார்கள்.

உங்களில் நிர்வாக அனுபவம் உள்ளவர்கள் உடனே கேட்பீர்கள்: சம்பளம் வாங்குபவரையே சம்பளம் நிர்ணயிக்கும் மேசையில் உட்கார வைத்தால் கஜானா காலியாகாதா? நியாயமான அச்சம்தான். ஆனால் வரலாறு அந்தத் திசையில் போகவில்லை. 1904-இல் லண்டன் குயின்ஸ் ஹால் குழுவில், தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பும் வழக்கத்துக்குத் தடை வந்ததும், நாற்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் விலகி லண்டன் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார்கள். வாசிப்பவர்களே பங்குதாரர்கள் என்ற அதன் ஏற்பாடு நூறாண்டு கடந்தும் நிற்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் பழைய சிம்பொனி நொடித்தபோது 1991-இல் கலைஞர்கள் சேர்ந்து லூசியானா ஃபில்ஹார்மானிக்கைத் தங்கள் சொத்தாகவே நிறுவினார்கள். 2005-இல் கத்ரீனா புயல் ஊரையே கலைத்துப் போட்ட பிறகும் அந்தக் குழு திரும்பி வந்தது. அங்கே சம்பளம் பெரிய நகரங்களைவிட மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமை இருந்தால் பணம் பெருகும் என்று நான் சொல்லவில்லை. சொந்தக் கலத்தில் ஓட்டை போட்டுக்கொள்பவர் அரிது என்றுதான் சொல்கிறேன். கலைஞர்களுக்கு முழு உடைமை தர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. புரவலர்களும் ரசிகர்களும் கலைஞர்களும் கலந்த குழு போதும். கலைஞர்கள் அங்கே வேடிக்கை பார்க்கும் விருந்தாளிகளாக இருக்கக் கூடாது என்பதே கோரிக்கை.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது, அதை நான் லேசாகக் கடக்க விரும்பவில்லை. தங்களைத் தாங்களே ஆளும் கலைஞர்கள் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்துவார்கள் என்பது அது. 1842-இல் தொடங்கித் தன்னாட்சிக்கே எடுத்துக்காட்டாகத் திகழும் வியன்னா ஃபில்ஹார்மானிக், பெண்களை உறுப்பினராக ஏற்றது 1997-இல்தான். ஆன்னா லெல்கெஸ் என்ற ஹார்ப் கலைஞர் அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினர் தகுதி இல்லாமலே அங்கு வாசித்துவந்தார். தங்கள் தலைமை நடத்துநரைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பெர்லின் ஃபில்ஹார்மானிக்கில் முதல் பெண் உறுப்பினர் வந்தது 1982-இல். அதே காலகட்டத்தில் தலைமை நடத்துநர் கராயன் கொண்டுவந்த கிளாரினெட் கலைஞர் சபீனா மேயரை அந்தக் குழு 73-க்கு 4 என்ற வாக்கில் மறுத்தது. நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார், யாருடைய சீடர், யாருடைய பிள்ளை என்ற கேள்விகள் இங்கே மேடை ஏறுமுன்பே கேட்கப்படுகின்றன. ஆகவே கலைஞர்களின் வாக்குரிமையோடு ஒரு திரைச்சீலையும் வேண்டும், நான் சொல்வது நிஜத் துணி. அமெரிக்கக் குழுக்கள் 1970-களிலிருந்து பரவலாகச் செய்துவருவதுபோல, தேர்வுக்கு வருபவர் திரைக்குப் பின்னால் அமர்ந்து வாசிக்கட்டும், பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். காலடி ஓசைகூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையில் கம்பளம் விரிக்கும் வழக்கமும் உண்டு. கலைஞர்களுக்கு அதிகாரம் தருவதால் வரும் குற்றத்தை அவர்களின் அதிகாரத்தைப் பறித்துத் திருத்த முடியாது. மேல்தட்டு அறங்காவலர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தாலும் இதே சொந்தபந்தம் வேறு வாசல் வழியாக வரும்.

அரசே எடுத்து நடத்தட்டும் என்பவர்களும் உங்களில் உண்டு. அரசு மானியம் இல்லாமல் இங்கே இது நடக்காது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மானியம் வேறு, உடைமை வேறு. 1882-இல் பெஞ்சமின் பில்சேயின் குழுவில் வாசித்த 54 பேர், வார்சாவுக்கு நான்காம் வகுப்பு ரயில் பெட்டியில் அனுப்பப்படவிருந்ததை எதிர்த்துப் பிரிந்து தொடங்கியதுதான் பெர்லின் ஃபில்ஹார்மானிக். பங்குகள் கலைஞர்கள் கையில் இருந்தன. 1930-களின் தொடக்கத்தில் கடனில் மூழ்கியபோது 1934-இல் அந்தப் பங்குகள் நாஜி அரசின் கைக்குப் போயின. கோயபல்ஸின் அமைச்சகம் சம்பளம் தந்தது, விலையையும் வாங்கிக்கொண்டது. முதல் வயலின் வரிசையின் தலைவர் ஷிமோன் கோல்ட்பெர்க் உள்ளிட்ட யூதக் கலைஞர்கள் வெளியேற நேர்ந்தது. அது மிகக் கொடிய காலம், எல்லா அரசும் அப்படி அல்ல என்பது உண்மை. ஆனாலும் ஆட்சி மாறினால் கலைத்துறை வாரியங்களின் பெயர்ப்பலகை மாறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தக் கதையின் அடிப்படைப் பாடம் அந்நியமாகத் தோன்றாது. சைமன் ராட்டில் பெர்லினின் தலைமையை ஏற்குமுன், குழு தனி அறக்கட்டளையாக வேண்டும் என்று வற்புறுத்தினார். 2002-இல் அது நடந்தது. நகர அரசு தொடர்ந்து பணம் தருகிறது, குழு தன்னைத் தானே ஆள்கிறது.

மும்பையில்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்றும் கேட்கலாம். 1935-இல் மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனியைத் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா நல்ல கச்சேரிகள் தருகிறது. ஆனால் அதில் பெரும்பகுதியினர் வெளிநாட்டிலிருந்து பருவத்துக்கு வந்து வாசித்துவிட்டுப் போகிறவர்கள். பணமும் அரங்கமும் முதலில் வந்து உள்ளூர்க் கலைஞர்களின் வாழ்வாதாரம் பின்னால் வந்தால் என்ன நேரும் என்பதற்கு அது இன்னொரு சான்று. சென்னைக்கு அந்த வரிசையைத் திருப்பிப்போடும் வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் இங்கே கைகள் முன்பே இருக்கின்றன.

ஆகவே நீங்கள் பதிவு செய்யப்போகும் அறக்கட்டளைப் பத்திரத்தில் சில பிரிவுகளை முதல் நாளே எழுதிவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அறங்காவலர்களில் மூன்றில் ஒரு பங்கு கலைஞர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கட்டும். கட்டட நிதியும் சம்பள நிதியும் வெவ்வேறு வங்கிக் கணக்கில் இருக்கட்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் போக அந்தக் கலைஞர் அறங்காவலர்களின் கையெழுத்தும் வேண்டும். மூலநிதியின் வட்டியை எடுக்கலாம், முதலைத் தொடுவதென்றால் பொதுக்குழுவில் காரணம் சொல்லியாக வேண்டும். தணிக்கை செய்த கணக்கு ஆண்டுதோறும் தமிழில் அச்சாகி, சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் கச்சேரி அட்டவணையோடு போகட்டும். அந்தப் பத்திரத்தின் முதல் வரைவைப் படிக்கும் கூட்டத்துக்கு வழக்கறிஞரையும் புரவலரையும் அழைப்பதுபோல, வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்று வாசித்துக்கொண்டிருக்கும் வயலின், வியோலா, செல்லோ கலைஞர்களையும் அழையுங்கள். பகலில் அவர்களுக்குக் கால்ஷீட் இருக்கக்கூடும். கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே அந்த இசைக்குழுவுக்காகக் காத்திருக்கும் ஒரு ரசிகர்